குறுக்குத் தெருவும் குடும்பக் கணினியும்

கொழும்புக் கோட்டைக்குப் புறத்தே அமைந்தமையாற் புறக்கோட்டை என வழங்கும் வணிகப் பகுதியை ஆங்கிலேயர் 'பெற்றா' என்றனர். கோட்டையை அடுத்த குடியிருப்பைக் குறிக்கும் 'பேட்டை' என்ற தமிழ்ச் சொல்லே அவர்கள் நாவில் அவ்வாறு திரிந்தது. அங்கே கான் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அணித்தாயுள்ள முதலாம் குறுக்குத் தெரு இலத்திரனியற் பொருள்களுக்குப் பேர்போனது. முழுக் கருவியை வாங்க வருவோருடன், கம்பியும் கொள்ளளவியும் பற்றாசும் தேடி வருவோரும் அத்தெருவில் உலாவுவர். வேறொரு நாட்டுக்கெனச் செய்யப்பட்ட கருவியைத் தம் வீட்டு மேசையிலே திறந்து வைத்து, இந்நாட்டுக்கு இசையுமாறு திருத்த முனைவோர் இவர்கள். அக்கருவி சில வேளைகளிற் சிறுவர்க்குரிய தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டியாகவும் இருக்கும்.

விளையாட்டுப் பெட்டிக்கு வரலாறு உண்டோ என நகைப்போர் உளர். ஆயின் இலங்கையின் ஒலிபரப்பே இத்தகைய திருத்த வேலையொன்றிலிருந்துதான் தோன்றியது. தந்தித் திணைக்களப் பொறியியலாளராக 1921ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த எட்வேட் ஹார்ப்பர், முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட செர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பி ஒன்றை உருவாக்கினார். மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து இசைத்தட்டின் ஒலி வானிற் பரவியது. சோதனைகள் 1923இல் தொடங்கின. 1925 திசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. போருக்கெனச் செய்த பொறி பாட்டுக்கு உதவியது. அதனைச் செய்தவர்கள் இப்பயனைக் கனவிலும் கருதியிரார்.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1977ஆம் ஆண்டின் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. யப்பானியப் பொருள்கள் கடைகளை நிறைத்தன. 1979இல் தொலைக்காட்சி வந்தது. 1982 பெப்ரவரி 15இல் தொடங்கிய ரூபவாஹினி நிலையம் யப்பானிய அரசு அளித்த நன்கொடையாகும். ஆயினும் இலங்கை மேற்கொண்ட ஒளிபரப்பு முறை யப்பானுக்குரிய 'என்.ரி.எஸ்.சி' அன்று, மேற்கு ஐரோப்பாவிற் பரவலாக வழங்கிய 'பால்' முறையே. யப்பானில் ஒரு படம் 525 கோடுகளால் ஆனது. திரை நொடிக்கு ஏறத்தாழ 60 தடவை வரையப்பட்டது. இங்கே கோடுகள் 625, தடவைகள் 50. நிலையத்தை ஈந்த நாட்டிலிருந்து வரும் விளையாட்டுப் பெட்டி இந்நாட்டுத் திரையில் இயங்காமைக்கு இவ்வேறுபாடே முதற் காரணம்.

அடுத்த ஆண்டு, 1983 யூலை 15ஆம் நாள், கியோத்தோ நகரத்து நின்டென்டோ நிறுவனம் 14,800 யென் விலையில் 'பமிக்கொம்' என்னும் பெட்டியை வெளியிட்டது. 'குடும்பக் கணினி' என்பதே அப்பெயரின் விரிவு. அதனைக் கொழும்பு வீடொன்றிற் கொண்டுவந்து வைத்தால் என்ன நேரும்? அதன் மின்னிணைப்பி யப்பானின் 100 வோல்ட் மின்னுக்கானது. இங்குள்ள 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும். வேறோர் இணைப்பியைப் பொருத்தலாமே எனின், பெட்டி வேண்டுவது நடுமுனை எதிராக அமைந்த 10 வோல்ட் நேர்மின்னாகும். கடையிற் கிடைப்பன பலவற்றில் நடுமுனை நேராக இருக்கும். இதைக் கவனியாது செருகுவதும் தீங்கே.

மின்னைச் சீராக்கிய பின்னும் படம் தோன்றாது. காரணம் வானொலி நேயர்க்கு எளிதில் விளங்கும். அப்பெட்டி படத்தை யப்பானின் முதலாம் அல்லது இரண்டாம் அலைவரிசையிலே தரும். அவை 90 முதல் 102 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள இடத்தைப் பிடித்தவை. இலங்கையில் அவ்விடம் பண்பலை வானொலிக்கு உரியது. பாட்டுக் கேட்கும் இடத்திலே படத்தைத் தேடத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எவரும் கற்பிக்கவில்லை.

எனவே, திருத்துவோர் அலைவரிசையை முற்றாகத் தவிர்ப்பர். படத்தை ஆக்கும் சில்லின் 21ஆம் காலிலே படக் குறிகை நேரடியாகக் கிடைக்கிறது. ஒரு திரான்சிஸ்டர், சில தடைகள், 220 மைக்குரோபரட் கொள்ளளவி ஒன்று ஆகியவற்றாலான சிறு பெருக்கியினூடே அதனை வெளியே கொணர்வதே வழக்கமான முறை. அவ்வாறு செய்தும் திரையில் நெடுக்குக் கோடுகள் சிறைக்கம்பிகள்போல் மங்கலாகத் தோன்றுவதுண்டு. பலகையில் அருகே ஓடும் பிற குறிகைகளின் கலப்பு அது. அந்தக் காலைப் பலகையிலிருந்து மெல்ல உயர்த்திப் பிரித்தெடுத்தால் கோடுகள் பெரிதும் குறையும். கை நடுங்கினால் கால் முறியும். அச்சில்லுக்கு மாற்றுச் சில்லைக் கடையில் புதிதாக வாங்க இயலாது.

நிறம் இதனினும் கடியது. பால் முறை மட்டும் அறிந்த தொலைக்காட்சியில் யப்பானியப் படம் கருமை வெண்மையாகவே தெரியும். சில வேளை உருண்டோடும். அதிர்வுப் படிகத்தை மாற்றினால் தீருமென எண்ணிப் பலர் ஏமாறினர். பால் முறையில் நிறக் குறிகையின் ஒரு கூறு கோட்டுக்குக் கோடு திசை மாற வேண்டும். அது சில்லின் உள்ளே அமைந்த செயல், வெளியிலிருந்து திருத்த முடியாதது.

இத்தடையைத் தாண்டியவர்கள் தாய்வான் பொறியியலாளர்கள். நின்டென்டோ நிறுவனம் ஐரோப்பாவுக்கென வெளியிட்ட பெட்டியில் கணிக்கும் சில்லின் வேகம் 1.79 மெகாஹேர்ட்ஸிலிருந்து 1.66 ஆகக் குறைந்தது. படக்கோட்டுக்கும் கணிப்புக்கும் இருந்த தாளம் மாறியமையால் யப்பானியக் கசெற்றுகள் சில அதிற் பிசகின. தாய்வானின் யூ.எம்.சி. நிறுவனம் ஆக்கிய சில்லுகளோ வேகத்தை 1.77இல் நிறுத்தி, அத்தாளத்தையும் காத்து, அதே வேளை பால் முறைப் படத்தையும் தந்தன. நொடிக்கு 50 படமே வந்தமையால் இசையும் ஓட்டமும் ஆறில் ஒரு பங்கு தாழ்ந்தன என்பது உண்மை. ஆயினும் ஆட்டம் குலையவில்லை. 1990களில் தெற்காசியச் சிறுவர்கள் 'ரீவி கேம்' என அறிந்த பெட்டிகளிற் பெரும்பாலானவை இவ்வழி வந்த பிரதிகளே. அனுமதியின்றிச் செய்த போலிகள் என அவை இகழப்பட்டன. உரிமை பற்றிய அக்குற்றச்சாட்டு நியாயமானதே. எனினும் மூலப் பெட்டியை ஆக்கியோர் தீர்க்காது விட்ட சிக்கலைத் தீர்த்தவர்களை வெறும் நகலெடுப்போர் என்று தள்ளுதல் பொருந்தாது. ஹார்ப்பரின் பெயர் வரலாற்றில் நின்றது. இவர்களுடைய பெயர்கள் பெட்டியின் அடிப்பக்கத்திற்கூட இல்லை.

இவ்வகைப் பெட்டிகளின் முன்னைய பலகைகளிலே சில்லுகள் தனித்தனியே நின்றன. பழுதானதைக் கழற்றி வேறொன்றைப் பற்றவைக்கலாம். பின்னர் வந்தவற்றில் முழுக் கணினியும் ஒரே சில்லாகச் சுருங்கி, கரிய பிசின் துளி ஒன்றின் கீழ் மறைந்தது. விலை மலிந்தது. அத்துளியின் அடியிலே பழுது நேர்ந்தால் எவராலும் கை வைக்க முடியவில்லை; பொத்தானையும் கம்பியையும் மாற்றுவதோடு திருத்துவோன் வேலை முடிந்தது.

ஆகவே இன்று வீட்டில் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் தேடுவன பழைய பலகைகளையே. நாற்பது ஆண்டு கண்ட பலகையில் முதலில் தளர்வன மின்பகு கொள்ளளவிகள்; அவற்றைப் புதுக்கினாற் பல பெட்டிகள் மீண்டும் உயிர்க்கின்றன. தொலைக்காட்சிதான் இப்போது இடர் தருவது. பழைய பெட்டி தருவது 240 கோட்டுப் படம். புதிய தட்டைத் திரைகள் பல அதனைத் தவறாக உணர்ந்து, பொத்தானை அழுத்திய பின் சற்றுத் தாமதித்தே காட்டுகின்றன. அதனாற் கனத்த கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சி ஒன்றை எவரேனும் கழித்துவிடும்போது, அதைக் கேட்டு வாங்கிச் சுமந்து செல்வோர் இருக்கின்றனர்.