பிறைப் பதக்கமும் ஒரு சிறு கட்சியும்

கி.பி. 1574ஆம் ஆண்டு. ஹாலந்து நாட்டின் லைடன் நகரை ஸ்பெயின் மன்னரின் படைகள் முற்றுகையிட்டிருந்தன. உள்ளே மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்துகொண்டிருந்தனர். அவர்களை மீட்க வேண்டி, அணைகளை உடைத்து, வயல்வெளிகளில் வெள்ளத்தைப் பாய்ச்சி, அந்த வெள்ளத்தின் மீதே படகேறி வந்தது ஒரு கிளர்ச்சிப் படை. அவ்வீரர்கள் அணிந்திருந்த சிறு வெள்ளிப் பதக்கம் இளம்பிறை வடிவில் இருந்தது. "போப்பின் ஆளாவதைவிடத் துருக்கியனாவது மேல்" என்னும் கருத்துடைய வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது.

பிறையைக் கண்டதும் நம் உள்ளம் மகிழலாம். ஆனால் இஸ்லாத்தின் மீது கொண்ட அன்பினால் அவர்கள் அதனை அணியவில்லை. கால்வின் என்னும் சீர்திருத்தவாதியின் வழி நின்ற அம்மக்களைக் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சி தூக்கிலிட்டது, தீயிலிட்டது. துருக்கிய சுல்தானின் ஆட்சியிலோ, வரி செலுத்திவிட்டுக் கிறிஸ்தவனும் யூதனும் தத்தம் வழியில் வணங்க முடிந்தது என்பதை அவர்கள் கேள்வியுற்றிருந்தனர். அடக்குமுறைக்கு ஆளானவன் விடுத்த அறைகூவலே அப்பதக்கம்.

அந்த வீரர்களின் நம்பிக்கையை எழுத்துக்கு எழுத்து இன்றும் பற்றி நிற்கும் ஒரு சிறு கட்சி நெதர்லாந்தில் உண்டு. எஸ். ஜி. பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதன் பெயரை 'அரசியல் சீர்திருத்தச் சமயக் கட்சி' எனத் தமிழில் சொல்லலாம். இன்றைய பெயரோடும் அமைப்போடும் நெதர்லாந்தில் நிலைத்திருக்கும் கட்சிகளுள் மிகப் பழையது இதுவே. 1922 முதல் ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் பாராளுமன்றக் கீழவையில் ஒன்றுக்குக் குறையாமலும் மூன்றுக்கு மிகாமலும் இடம் பெற்று வந்திருக்கிறது. ஒருமுறையேனும் அமைச்சரவையில் அமர்ந்ததில்லை. இத்துணைச் சிறிய கட்சியின் வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சிறுபான்மையாய் வாழும் எந்தச் சமயத்தாரும் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று அதில் இருக்கிறது.

கட்சி பிறந்த கதை

1561ஆம் ஆண்டில் கீதோ தெ பிரே என்னும் போதகர், தம் மக்களின் நம்பிக்கைகளை முறைப்படுத்தி ஓர் அறிக்கை வரைந்தார். 'பெல்ஜிய விசுவாச அறிக்கை' என்பது அதன் பெயர். அதன் 36ஆம் பிரிவு ஆட்சியாளரின் கடமையைக் கூறுவது. மெய்யான வழிபாட்டைக் காப்பதோடு, பொய்யான வழிபாட்டை அகற்றுவதும் ஆட்சியாளரின் கடமை என்று அதில் கண்டிருந்தது. எழுதியவரின் கதியோ வேறு. 1567இல் அவரையே ஆட்சியாளர்கள் தூக்கிலிட்டனர். எந்த அதிகாரத்தைத் தம் சமயத்தின் கையில் அவர் தர விரும்பினாரோ, அதே அதிகாரம் பிறர் கையிலிருந்து அவர் உயிரைக் குடித்தது.

அந்தப் பிரிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கிளர்ச்சி வென்று குடியரசு அமைந்ததும், ஹாலந்தில் கத்தோலிக்கர் வெளிப்படையாகத் தொழ இயலாமல், வீடுகளின் மாடியில் மறைவான ஆலயங்களை அமைத்துக்கொண்டனர். இந்த ஹாலந்துக்காரரைத்தாம் நம் முன்னோர் ஒல்லாந்தர் என்றனர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியதும், கத்தோலிக்கப் பாதிரிமாரை அவர்கள் வெளியேற்றினர். பாதிரிமாருக்கு இடங்கொடுப்போருக்குக் கடுந்தண்டனை விதித்தனர். பிறைப் பதக்கம் அணிந்து லைடனை மீட்டு நூறு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அடக்குமுறைக்கு ஆளானவன் அதிகாரம் பெற்றதும் பழைய வேதனையை எவ்வளவு விரைவில் மறந்துவிடுகிறான்!

காலம் மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெதர்லாந்து அரசியல் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் சம உரிமை அளித்தது. ஆபிரகாம் கைப்பர் என்னும் பேரறிஞர் 1879இல் சீர்திருத்தச் சமயத்தாருக்கென ஒரு கட்சியை உருவாக்கினார். சமயப் பள்ளிகளுக்கு அரசு உதவி பெறும் போராட்டத்தில், முன்னாள் பகைவரான கத்தோலிக்கருடன் கைகோத்தார். 1901 முதல் 1905 வரை பிரதமராகவும் இருந்தார். 1905இல் அவரைச் சார்ந்த திருச்சபை, 36ஆம் பிரிவிலிருந்து பொய் வழிபாட்டை அகற்றுவது பற்றிய சொற்களை நீக்கிவிட்டது.

இதனைப் பெருந்துரோகமாகக் கருதியோர் இருந்தனர். ஸீலாந்துத் தீவுகளின் உழவர்கள், மீனவர்கள், சிற்றூர்க் கைவினைஞர்கள் ஆகிய எளிய மக்கள் அவர்கள். முன்னோர் வழியில் அணுவளவும் விலகலாகாது என்னும் உறுதி அவர்களுடையது. அவர்களை ஒன்று திரட்டினார் ஹெரிட் ஹென்ட்ரிக் கெர்ஸ்டன் என்னும் போதகர். சிதறிக் கிடந்த சிறு சபைகளை 1907இல் ஒன்றிணைத்த அவர், 1918 ஏப்ரல் 24ஆம் நாள் மிடல்பர்க் நகரில் இக்கட்சியைத் தொடங்கினார். 36ஆம் பிரிவை ஒரு சொல்லும் குறையாமல் ஏற்பதே கட்சியின் உயிர்நாடி.

அவ்வாண்டுத் தேர்தலில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. 1922இல் கெர்ஸ்டன் கீழவையில் நுழைந்தார். அதற்கு வழி செய்தது, நெதர்லாந்து அப்பொழுதுதான் மேற்கொண்டிருந்த விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறை. நாடு முழுவதும் பெறும் வாக்குகளுக்கேற்ப இடங்கள் பகிரப்படுவதால், சிதறி வாழும் சிறுகூட்டமும் ஒருவரை அனுப்ப முடிகிறது. 1956 முதல் அவையில் 150 இடங்கள். அளிக்கப்பட்ட வாக்குகளில் 150இல் ஒரு பங்கு இருந்தால் ஓர் இடம் உறுதி.

கெர்ஸ்டனின் இரவு

நெதர்லாந்து அரசு 1915இல் போப்பாண்டவரின் அவைக்கு மீண்டும் ஒரு தூதரை அனுப்பத் தொடங்கியிருந்தது. அந்தத் தூதரகத்துக்கான பணத்தை நீக்க வேண்டும் என்று வரவு செலவுத் திட்டத்தின்போது கெர்ஸ்டன் ஆண்டுதோறும் திருத்தம் கொண்டுவருவார். அது ஆண்டுதோறும் தோற்கும்.

1925 நவம்பரில் நிலைமை வேறு. கோலைன் என்பவரின் கூட்டணி அமைச்சரவை பதவியேற்று மூன்று மாதங்களே கடந்திருந்தன. கத்தோலிக்கரும் இருவகைச் சீர்திருத்தச் சமயத்தாரும் அதில் பங்காளிகள். அவற்றுள் ஒரு கட்சி, போப்புக்குத் தூதர் கூடாது என்னும் பழைய எண்ணத்தை விட முடியாமல், கெர்ஸ்டனின் திருத்தத்துக்கு ஆதரவாகத் திரும்பியது. எதிர்க்கட்சியினரான சமதர்மவாதிகளும் தாராளவாதிகளும் இதைக் கவனித்தனர். அவர்களுக்குக் கெர்ஸ்டனின் இறையியலில் எள்ளளவும் நாட்டமில்லை. அரசைக் கவிழ்க்க ஒரு கோடரி கிடைத்தது என்பதே அவர்கள் மகிழ்ச்சி. 11ஆம் தேதிக்கு முந்திய அந்த இரவில் திருத்தம் நிறைவேறியது. கத்தோலிக்க அமைச்சர்கள் பதவி விலக, அமைச்சரவை கவிழ்ந்தது. அடுத்த ஆட்சி அமைய 1926 மார்ச் ஆயிற்று.

இரண்டே உறுப்பினர் கொண்ட கட்சி ஓர் அரசை வீழ்த்திய அந்த நிகழ்ச்சியை நெதர்லாந்தில் இன்றும் 'கெர்ஸ்டனின் இரவு' என்பர். கெர்ஸ்டன் தம் மனச்சான்றின்படி நடந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் மனச்சான்றின் குரலையும் பிறர் தம் கருவியாக்கிக்கொள்ள முடியும் என்பதை அந்த இரவு காட்டியது.

அவருடைய பிற்காலம் துயரமானது. 1940இல் ஜெர்மானியர் நாட்டைக் கைப்பற்றியபோது, இது மக்களின் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்று அவர் போதித்தார், எதிர்ப்பியக்கத்தைக் கண்டித்தார். நாஜிக் கொள்கையை அவர் ஏற்றவரல்லர். எனினும் விடுதலைக்குப் பின் 1945இல், பாராளுமன்றத்துக்குத் திரும்ப அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1948இல் மறைந்தார். சோதனையை இறைவன் அனுப்பியதாக நம்புவது ஒன்று. கொடியவனை எதிர்ப்பதையே குற்றமென்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை அவர் காணத் தவறினார்.

சாட்சி சொல்லும் கட்சி

இத்தகைய கட்சியை நெதர்லாந்து மக்கள் 'சாட்சியக் கட்சி' என்பர். ஆட்சியைப் பிடிப்பதன்று, தாம் உண்மையென நம்புவதை அவையில் எடுத்துரைப்பதே அதன் நோக்கம். ஷஹாதத் என்னும் அரபுச் சொல்லின் பொருளை அறிந்த நமக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கண்டிப்பாக ஓய்வுநாளாகக் கொள்பவர்கள். ஊர்க், ஸ்டாப்ஹார்ஸ்ட் முதலிய அவர்களது ஊர்களில் அன்று ஆலயத்துக்குச் செல்வோரின் நடமாட்டமே மிகுதி. கடவுளை நிந்திப்பதைக் குற்றமாக்கிய சட்டத்தை நீக்கும் முயற்சி வந்தபோது இக்கட்சி எதிர்த்து நின்றது. 2013இல் மேலவை அதனை நீக்கிவிட்டது.

அக்கட்சியை நெடுநாள் வாட்டிய வழக்கு பெண்கள் பற்றியது. அரசியற் பதவி ஆணுக்கே உரியது என்பது தொடக்கம் முதலே அவர்கள் கொள்கை. பெண்ணுரிமை அமைப்புகள் நீதிமன்றம் ஏறின. 2005இல் ஹேக் நகர நீதிமன்றம், இக்கட்சிக்கு அரசு மானியம் தருவது தவறென்றது. 2006இல் கட்சி பெண்களை உறுப்பினராக ஏற்றது. 2010இல் உச்ச நீதிமன்றம், கட்சி தன் கருத்தைக் கொண்டிருக்கலாம், ஆனால் பெண்கள் வேட்பாளராவதைத் தடுக்கலாகாது, அதற்கு அரசு ஆவன செய்ய வேண்டும் என்று தீர்த்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2012இல் கட்சியின் முறையீட்டை ஏற்கவில்லை. 2013இல் கட்சி விதியைத் தளர்த்தியது. 2014இல் ஃபிளிஸ்ஸிங்கன் நகர மன்றத்துக்கு லிலியன் யான்சே என்னும் பெண்மணி அக்கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பெண்மணிகளின் பொதுவாழ்வு பற்றி நம்மிடையேயும் ஓயாத விவாதங்கள் உண்டு. ஆதலின் அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி நமக்கில்லை. வேதத்தின் ஆணை எது, ஊர் வழக்கம் எது என்று பிரித்தறியும் கடமையை ஒரு சமூகம் தானே செய்யாவிடின், நீதிமன்றம் வந்து செய்துவிடும் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

ஒரே கூரை

இக்கட்சி நம் மார்க்கத்தை எவ்வாறு நோக்குகிறது? ஒளிக்காமல் சொல்வதென்றால், பொய்ச் சமயமாகவே நோக்குகிறது. பொதுவாழ்வில் இஸ்லாத்தின் செல்வாக்கு வளர்வதை அது விரும்புவதில்லை. பாங்கொலி ஒலிபெருக்கியில் எழுவதை எதிர்ப்பது. பிறைப் பதக்கத்தின் வாரிசுகளிடம் பிறை மீது பற்று ஏதுமில்லை.

ஆயினும் இரு நிகழ்ச்சிகளைக் காண்போம். கைப்பரின் வழியினரும் கத்தோலிக்கரும் போராடியதன் பயனாக, 1917இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, சமயப் பள்ளிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கு நிகரான பணம் கிடைக்க வழி பிறந்தது. அதே விதியின் கீழ், துருக்கியிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் பிழைக்க வந்த முஸ்லிம்களின் பிள்ளைகளுக்காக 1988இல் முதல் இஸ்லாமியத் தொடக்கப் பள்ளிகள் எழுந்தன. ராட்டர்டாமில் எழுந்த பள்ளிக்கு அல்கஸ்ஸாலி என்றும், ஐந்தோவனில் எழுந்ததற்குத் தாரிக் இப்னு ஸியாத் என்றும் பெயர் சூட்டினர். கெர்ஸ்டன் வழியினரின் பள்ளிகளும் இதே விதியின் நிழலில்தான் நடக்கின்றன. ஒன்றை இடித்தால் மற்றொன்றும் சரியும்.

மற்றொன்று அறுப்பு பற்றியது. மயக்கமூட்டாமல் பிராணிகளை அறுக்க யூதருக்கும் முஸ்லிம்களுக்கும் இருந்த விலக்கை ஒழிக்கும் மசோதாவை, விலங்குகள் நலனுக்கான ஒரு கட்சி கொண்டுவந்தது. 2011 ஜூன் 28ஆம் நாள் கீழவையில் 116 பேர் ஆதரிக்க, 30 பேரே எதிர்த்தனர். அந்த 30 பேருள் எஸ். ஜி. பி.யின் இருவரும் இருந்தனர். சமயக் கடமையில் அரசு கை வைக்கலாகாது என்பது அவர்களின் நிலை. 2012 ஜூனில் மேலவை மசோதாவைத் தள்ளிவிட்டது. நம்மை விரும்பாதவர்களின் வாக்கும் அன்று நம் ஹலாலுக்கு அரணாக நின்றது!

இது அன்பா, தன்னலமா என்று ஆராய வேண்டியதில்லை. நெஞ்சிலிருப்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. பொய் வழிபாட்டை அரசு அகற்ற வேண்டும் என்று எழுதி வைத்துள்ள ஒரு கட்சி, எந்த வழிபாட்டையும் அகற்றாத அரசு அமைந்ததனால் மட்டுமே நூறாண்டு கடந்து வாழ்கிறது. அவர்களுடைய 36ஆம் பிரிவை வேறொரு கூட்டம் கையிலெடுத்திருந்தால், முதலில் வீழ்வது அவர்களுடைய ஆலயமாகவே இருந்திருக்கும். கீதோ தெ பிரேயின் தூக்குமேடை சொன்ன செய்தி இதுவே. அறுப்பு மசோதா வந்த நாளில், அவர்கள் தங்கள் ஏட்டின்படி நடக்காமல், தங்கள் அனுபவத்தின்படி நடந்தனர்.

நாமும் பல நாடுகளில் சிறுபான்மையினர். சில நாடுகளில் பெரும்பான்மையினர். சிறுபான்மையாய் உள்ள இடத்தில் எந்தக் கூரையின் கீழ் ஒதுங்குகிறோமோ, பெரும்பான்மையாய் உள்ள இடத்தில் அதே கூரையைப் பிறருக்கு அமைத்துத் தருகிறோமா? பகையுணர்வு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடலாகாது என்று நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. வேண்டாதவனுக்கும் நீதியாக வாக்களிப்பதைவிட மேலான சாட்சியம் வேறில்லை. லைடன் நகரத்துப் பிறைப் பதக்கங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றை அணிந்தவர்கள் வேண்டியது, துருக்கிய சுல்தானின் ஆட்சியில் உண்டென்று கேள்வியுற்ற அந்த நீதியைத்தான்.