கிளி ஓட்டியவர்கள்



"மலருக்கு நீயும் ஒண்ணு எழுதிக் குடு, நீதான் மாடியில பழச்செடி வச்சிருக்கியே, அதைப் பத்தி எழுது" என்று எங்கள் குழு ஊக்குநர் அக்கா சொன்னார். தொட்டிச் செடியை அணிலிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று எழுதத்தான் நோட்டைப் பிரித்தேன். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா, "என்னடி எழுதுற?" என்று கேட்டாள். சொன்னேன். "நான் ஓட்டாத கிளியா, அணிலா? எனக்குத்தான் அது ஒண்ணுதானே படிப்பு" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் கட்டுரை வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதனால் இது செடி வளர்ப்புக் குறிப்பு இல்லை, காவல் காத்தவர்களின் வரலாறு. நடுவில் குறிப்பும் வரும்.

எங்கள் வீடு திண்டுக்கல் பக்கம், சிறுமலை அடிவாரம். இருநூறு லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, ஏழு டிரம் வைத்திருக்கிறேன். கொய்யா இரண்டு, மாதுளை இரண்டு, எலுமிச்சை, சப்போட்டா, அத்தி ஒவ்வொன்று. விடிந்ததும் கிளி வரும். வெயில் ஏறினால் அணில். ராத்திரி பழந்தின்னி வௌவால். மலையில் தண்ணீர் வற்றினால் குரங்குக் கூட்டமே இறங்கும். மாதுளையில் சிவப்பு ஏறுவது எனக்குத் தெரிவதற்கு முந்தியே அணிலுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தச் சண்டை நேற்று வந்ததில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கப் பாட்டுகளில் குறிஞ்சி நிலத்தைப் பற்றிப் பாடும்போதெல்லாம் தினைப்புனம் காக்கிற பெண்பிள்ளை வந்துவிடுகிறாள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு என்றால் எல்லோரும் 99 பூக்களின் பெயரைத்தான் சொல்வார்கள். என் மகளுக்காக ஊர் நூலகத்திலிருந்து உரையோடு எடுத்து வந்து படித்தபோது, எனக்குப் பூவைவிடக் கிளி ஓட்டுகிற பகுதிதான் பிடித்தது. தினைக் கதிர் முற்றுகிற நேரம். பொழுது சாய வந்துவிடுங்கள் என்று சொல்லித்தான் மகளையும் தோழியையும் காவலுக்கு அனுப்புகிறார்கள். மரத்தின் மேலே பரண். கையில் தழல், தட்டை, குளிர் என்று கிளி ஓட்டும் கருவிகள். தழல் என்பது கையால் சுற்றினால் சத்தம் வருவது. தட்டை என்பது மூங்கிலைப் பல பிளப்பாகப் பிளந்து தட்டிச் சத்தம் எழுப்புவது. இவை போகக் கல் எறியக் கவண் இருக்கவே இருக்கிறது. இதைப் படித்துக் காட்டியபோது அம்மா கேட்டது இதுதான்: "மூங்கிலை எப்படிப் பிளந்தாங்கன்னு போட்டிருக்கா?"

வள்ளிக் கதையும் தினைப்புனக் கதைதான். வேலூர் மாவட்டத்தில் காட்பாடிக்கு அப்பால் வள்ளிமலை இருக்கிறது. அங்கேதான் வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை ஓட்டினாள் என்பார்கள். வள்ளித் திருமண நாடகம் போடாத ஊர் நம் பக்கம் உண்டா? முருகன் வேடனாக வந்ததும் கிழவனாக வந்ததும் யானை வந்ததும் நமக்கு நன்றாக நினைவிருக்கும். அந்தப் பிள்ளை எத்தனை நாள் வெயிலில் நின்றது, தண்ணீர் யார் கொண்டு போய்க் கொடுத்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

பிறகு துப்பாக்கிக் காலம் வந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் புலி, சிறுத்தையைக் கொன்றால் பரிசுப் பணம் கொடுத்தார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கென்று கட்டைத் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959 ஆயுதச் சட்டத்திலும் உரிமம் உண்டு. ஆனால் உரிமமும் துப்பாக்கியும் ஆம்பளைகள் கையில். பன்றிக்குத் துப்பாக்கி, கிளிக்குப் பொம்பளைப் பிள்ளை. எங்கள் பக்கம் அப்படித்தான் பிரித்திருந்தார்கள்.

அம்மா கதைக்கு வருகிறேன். 1972ல் அவளுக்குப் பத்து வயசு, நாலாம் வகுப்பு. சோளம் பால் பிடிக்கிற பருவத்திலிருந்து அறுப்பு முடிகிற வரைக்கும் கிளியும் சிட்டும் கூட்டம் கூட்டமாக இறங்கும். அம்மாச்சி கூலிக்குப் போகணும், தாத்தா மாடு ஓட்டணும். மாமா மூணாம் வகுப்பு, ஆனால் பையன். ஆக அம்மா பரணுக்குப் போனாள். நாலு கவட்டைக் கம்பு நட்டு, மேலே பனை மட்டை பரப்பின பரண். ஒரு தகர டின், ஒரு குச்சி, மடி நிறையக் கல். விடியுமுன்னே கூழைக் குடித்துவிட்டுப் போனால் பொழுது இறங்கித்தான் வரமுடியும். நடு மத்தியானம் பறவை கொஞ்சம் ஓயும், அப்போதுதான் இறங்கித் தண்ணீர் குடிக்கலாம். "தூங்கிட்டா அன்னைக்கு ராத்திரி அடி" என்பாள். அறுப்பு முடிந்து பள்ளிக்கூடம் போனபோது பாடம் எங்கேயோ போயிருந்தது. வாத்தியார் மூணாம் வகுப்பில் உட்காரச் சொன்னார். தம்பிக்குப் பக்கத்தில் உட்கார வெட்கப்பட்டு வந்துவிட்டாள். அத்தோடு சரி.

அதே 1972ல்தான் டெல்லியில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். மயில் அதற்கு முன்பே, 1963ல், தேசியப் பறவை ஆகிவிட்டது. அந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் இன்றைக்கு மயிலைப் படத்தில்தான் பார்த்திருப்போம். ஆனால் கிளிக்குச் சட்டம் வந்த வருஷம், கிளி ஓட்டப் போன பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. ஆறு வயசிலிருந்து பதினாலு வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் கல்வி உரிமை என்று சொன்ன சட்டம் 2009ல் போடப்பட்டு, 2010 ஏப்ரல் 1ல்தான் நடைமுறைக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 38 வருஷம்.

நடுவில் பிள்ளைகளைப் பரணிலிருந்து இறக்கியது எது? எங்கள் ஊரைப் பார்த்து நான் சொல்வது, சோறுதான். காமராசர் காலத்திலேயே 1956ல் மதிய உணவு தொடங்கிவிட்டது. 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதைப் பெரிசாக்கினார். பள்ளிக்கூடத்தில் ஒரு வேளைச் சோறு நிச்சயம் என்று ஆனதும், பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பினால்தான் நஷ்டம் என்று பெற்றவர்களுக்குப் பட்டது. அம்மாவுக்கு அடுத்து அந்தப் பரணில் ஏறியிருக்க வேண்டியவள் சின்னம்மா. அவள் எட்டாம் வகுப்பு வரை போனாள். நான் பத்தாவது முடித்தேன். என் மகள் இப்போது ஒன்பதாவது.

பிள்ளை இறங்கிய இடத்தில் பொருள்கள் ஏறின. முதலில் சட்டை மாட்டிய சோளக்கொல்லைப் பொம்மை. அது பழசு, அதற்குக் கிளி பயந்ததாக எனக்கு நினைவில்லை, தலையிலேயே உட்காரும். பிறகு ஆடியோ கேசட் வழக்கொழிந்தபோது, அந்தக் கருப்பு நாடாவை வயல் முழுக்க இழுத்துக் கட்டினார்கள். காற்றடித்தால் ஙொய் என்று இரையும், வெயிலில் மின்னும். எங்கள் அப்பா ஆசையாக வைத்திருந்த பாட்டுக் கேசட்டெல்லாம் நிலக்கடலைக் காட்டில்தான் முடிந்தது. அதற்கப்புறம் சேலை. பழைய சேலையைக் கம்புக்குக் கம்பு கட்டினால் பன்றியும் மயிலும் கொஞ்ச நாள் தயங்கும். பஸ்ஸில் போகும்போது காட்டைச் சுற்றி ஊதாவும் பச்சையும் சிவப்புமாகச் சேலை ஆடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொம்பளை போய்விட்டாள், அவள் சேலை காவல் நிற்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இதெல்லாம் நல்ல வழி. கெட்ட வழியும் உண்டு. திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மனுஷரும் மாடும் யானையும் செத்த செய்தியைப் படிக்கிறோம். தானியத்தில் விஷம் வைத்து மயில் செத்துக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். மயிலைக் கொன்றால் ஜெயில் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். செத்ததைத் தின்ற நாயும் அன்றைக்கே செத்தது, அந்த வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

சரி, காட்டிலிருந்து மாடிக்கு வருவோம். 2013-14ல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டப் பொருள்களை மானிய விலையில் கொடுக்க ஆரம்பித்தது. பட்டணத்துப் பேச்சு மெல்ல ஊருக்கும் வந்தது. நிலம் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு டிரம்தான் நிலம். குழுக் கடனில் ஒரு பகுதியைப் போட்டுச் செடி வாங்கினேன், அதனால் ஒவ்வொரு பழமும் எனக்குக் கணக்கு.

முதல் வருஷம் டிரம்களை வாசலில் வைத்து, பெரிய கண்ணுள்ள நைலான் வலையைத் தரை வரைக்கும் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு சாரைப்பாம்பு அதில் மாட்டி, திமிறத் திமிற இறுகிக் கிடந்தது. எலி பிடிக்கிற பாம்பு, ஒரு பாவமும் செய்யாதது. என் வீட்டுக்காரர் கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டி விட்டார், பக்கத்து வீட்டு அண்ணன் கோணியைப் போட்டுத் தலையை அமுக்கிக்கொண்டார். நான் வாசலுக்கே போகவில்லை. அன்றிலிருந்து சுண்டுவிரல் நுழையாத சின்னக் கண் வலைதான், அதுவும் தொங்கவிடாமல் கம்பியில் விறைப்பாக இழுத்துக் கட்டி. பூக்கிற காலத்தில் வலையே போடுவதில்லை. தேனீயும் தேன்சிட்டும் வந்தால்தானே காய் பிடிக்கும்?

காய் பிடித்த பிறகு மரத்தை மூடுவதை விட்டுவிட்டேன், பழத்தைத்தான் மூடுகிறேன். பழைய பருத்திச் சேலையில் ஒரு சாண் பை தைத்து, கொய்யா எலுமிச்சை அளவு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் மாட்டி நாடாவை இறுக்கிவிடுவேன். வெயிலும் காற்றும் போகும், ஈ முட்டை வைக்காது, கிளிக்கு நிறம் தெரியாது. அணில் துணியையும் கடிக்கும். அதனால் மாதுளைக்கு மட்டும் துணிக்குள் கொசுவலைக் கம்பியை உருட்டி வைக்கிறேன். கைப்பிடிச்சுவர் ஓரத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு கோடையில் காய் கடிபடுவது எங்கள் வீட்டில் குறைந்திருக்கிறது. தாகத்துக்குத்தான் கடித்தது போல. குரங்குக்கு இதெல்லாம் ஒன்றும் ஆகாது. அதற்குத் தொட்டிதான் வழி. நிலத்து மரத்தை நகர்த்த முடியாது, டிரம்மை நகர்த்தலாம். மூங்கில் கட்டையை அடியில் உருட்டி, பழுக்கிற செடியை நானும் மகளுமாக மாடி அறைக்குள் தள்ளி, ராத்திரிக்குக் கதவைச் சாத்திவிடுவோம். சங்க காலத்துப் பிள்ளைக்கு இந்த வசதி இருந்ததில்லை.

உச்சிக் கொய்யா இரண்டுக்குப் பை மாட்டுவதில்லை. எட்டாது என்பது பாதி, அம்மா விடமாட்டாள் என்பது மீதி.

எங்கள் குழு தொடங்கினபோது அம்மாவும் முதல் ஆளாகச் சேர்ந்தாள். பாஸ்புக்கில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்து பேர் எழுதப் பழகினாள். இப்போது சாயங்காலம் ஆனால் மாடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள், பக்கத்தில் ஒரு தகர டின். முட்டி வலிக்குது, கீழே இருந்தால் என்ன என்று கேட்டால் காதில் வாங்குவதில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கிளி வந்தால் அவள்தான் எழுந்து ஓட்டப் பார்ப்பாள். "நீ எழுதுடி, நான் பாத்துக்கிறேன்" என்று அம்மா டின்னைத் தட்டுவாள்.