பூனைகளில் தூசி உண்ணி ஒவ்வாமைச் சோதனை

நாள்பட்ட அரிப்பும் தோல் புண்ணும் உள்ள பூனையின் உடல், வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் புரதங்களை எதிர்த்து ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கியிருக்கிறதா என்று பார்ப்பது தூசி உண்ணி ஒவ்வாமைச் சோதனை. தோலுக்குள் ஊசி போட்டோ இரத்தத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியோ இதைச் செய்கிறார்கள். பூனைக்கு ஒவ்வாமை நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்தச் சோதனையால் பதில் சொல்ல முடியாது. நோய் உறுதியான பிறகு, எந்தப் பொருளைக் கொண்டு ஒவ்வாமை ஊசி தயாரிக்கலாம் என்று முடிவு செய்யவே அது பயன்படும். இது தெரியாமல் முதல் வேலையாகவே சோதனைக்குப் பணம் கட்டும் பூனை வளர்ப்போர் பலர்.

தூசி உண்ணிகள்

இவை 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் நீளமுள்ள எட்டுக்கால் உயிரிகள், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. விலங்கின் காதில் ஒட்டி இரத்தம் குடிக்கும் உண்ணிகளைப் போல இவை கடிப்பதில்லை. மனிதரும் விலங்குகளும் உதிர்க்கும் தோல் செதிள்களைத் தின்று மெத்தை, தலையணை, சோபா, கம்பளம் ஆகியவற்றில் பெருகுகின்றன. ஒவ்வாமையைத் தூண்டுபவை இவற்றின் கழிவிலும் உடலிலும் உள்ள புரதங்கள். வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இந்த உண்ணிகளே முக்கியக் காரணம் என்பதை 1964-இல் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் மனிதரிடம் காட்டினார்கள். விலங்கு மருத்துவம் பின்னர் அதே வழியில் சென்றது.

டெர்மடோஃபகாய்டஸ் ஃபரினே, டெர்மடோஃபகாய்டஸ் டெரோனிசினஸ் ஆகிய இரண்டும் உலகெங்கும் காணப்படும் முக்கிய இனங்கள். வெப்பமண்டல நாடுகளில் புளோமியா டிரோபிகாலிஸ் என்ற இனமும் உண்டு. தூசி உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சியே பிழைக்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் மெல்ல வற்றிச் சாகும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அந்த நிலை வருவதே இல்லை.

தோலில் தெரிபவை

பூனையின் ஒவ்வாமை நாயினுடையதைப் போல உடலின் குறிப்பிட்ட இடங்களில் வருவதில்லை; நான்கு விதமாக வெளிப்படும். முதலாவது, முதுகிலும் கழுத்திலும் தினை அளவுப் பொருக்குகள். கண்ணுக்குத் தெரியும் முன்பே, முடிக்குள் விரலை விட்டுத் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். இரண்டாவது, வயிற்றிலும் தொடையிலும் விடாமல் நக்கியே முடியைச் சொட்டையாக்கிக்கொள்வது. பூனை மறைவாக நக்குவதால் முடி தானாகவே உதிர்கிறது என்று வீட்டார் நினைப்பார்கள். மூன்றாவது, முகத்தையும் கழுத்தையும் இரத்தம் வரச் சொறிவது. நான்காவது, மேலுதட்டிலோ தொடையிலோ வயிற்றிலோ ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் குவிந்து உண்டாகும் புண்ணும் தடிப்பும். தெள்ளுக்கடியும் உணவு ஒவ்வாமையும் இதே நான்கு விதமாகத்தான் வெளிப்படும். தோலைப் பார்த்த மாத்திரத்தில் தூசி உண்ணிதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாததற்கு அதுவே காரணம்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் தெள்ளுப்பூச்சியை விலக்க வேண்டும். பூனை தெள்ளை நக்கி விழுங்கிவிடும் என்பதால், கண்ணில் படவில்லை என்பதை வைத்துத் தெள்ளே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நெருக்கமான பல் கொண்ட சீப்பால் வாரி, விழும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்கலாம். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் மருத்துவர் சொல்லும் தெள்ளு மருந்தை இரண்டு மாதமாவது தவறாமல் போட வேண்டும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் சொறிப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும், படர்தாமரைப் பூஞ்சைக்கான வளர்ப்புச் சோதனையும் இதனுடன் சேரும்.

அடுத்தது விலக்கு உணவு. பூனைகளில் உணவு ஒவ்வாமைக்குக் காரணமாக அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, மீன், கோழி. பூனை இதுவரை சாப்பிடாத ஒரே இறைச்சியையோ, புரதம் சிதைக்கப்பட்ட மருத்துவ உணவையோ எட்டு வாரம் கொடுத்து, பின்பு பழைய உணவைத் திருப்பிக் கொடுத்து அரிப்பு மீள்கிறதா என்று பார்ப்பார்கள். நம் ஊர்களில் இந்தச் சோதனை தோற்பது பெரும்பாலும் அடுத்த வீட்டு வாசலில் கிடைக்கும் மீன் தலையால்தான். அந்த எட்டு வாரமும் பூனையை வீட்டுக்குள்ளேயே வைக்க முடியாதவர் இதைத் தொடங்கிப் பயனில்லை. இவ்வளவையும் தாண்டி அரிப்பு நீடித்தால்தான் சூழல் ஒவ்வாமை என்ற முடிவுக்கு வருவார்கள். 2021-இல் பன்னாட்டு விலங்குத் தோல் வல்லுநர் குழு வெளியிட்ட வரையறையும் இந்த விலக்கிப் பார்க்கும் முறையையே அடிப்படையாகக் கொண்டது.

தோல் சோதனை

பூனைக்கு மயக்க மருந்து கொடுத்து, விலாப்பக்கத்து முடியை மழித்து, பேனாவால் வரிசையாகப் புள்ளி வைக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கருகிலும் மெல்லிய ஊசியால் ஒவ்வொரு ஒவ்வாமைப் பொருளின் சாற்றையும் 0.05 மில்லிலிட்டர் அளவுக்குத் தோலுக்குள் செலுத்துகிறார்கள். ஒன்றில் வெறும் உப்பு நீர், இன்னொன்றில் ஹிஸ்டமின்; ஒப்பிட்டுப் பார்க்க இவ்விரண்டும் தேவை. சுமார் 15 நிமிடத்தில் தடிப்புகளை அளக்கிறார்கள். நாயின் தோலில் தடிப்பு கெட்டியாக எழும், சிவக்கும். பூனையின் மெல்லிய தோலிலோ அது தட்டையாகவும் மென்மையாகவும் எழுந்து விரைவிலேயே அமுங்கிவிடும். அனுபவமுள்ள விரலுக்கும் அது தட்டுப்படாமல் போவதுண்டு. இதற்காகச் சில நிபுணர்கள் ஃபுளூரெசின் சாயத்தை இரத்த நாளத்தில் ஏற்றி, புறஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும் வட்டங்களை அளக்கிறார்கள்.

சோதனைக்கு முன் ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகளையும் ஸ்டீராய்டுகளையும் நிறுத்த வேண்டும். நீண்டநாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் குறைந்தது நான்கு வாரமாவது காத்திருக்க வேண்டும். அரிப்பு என்று போனதும் இந்த ஊசியைப் போட்டு அனுப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. அது சோதனையைக் கெடுப்பதோடு, திரும்பத் திரும்பப் போடப்பட்டால் பூனைக்குச் சர்க்கரை நோயையும் கொண்டுவரக்கூடும்.

இரத்தச் சோதனை

மயக்கமும் மழித்தலும் வேண்டாம். சில மில்லிலிட்டர் இரத்தம் போதும். உண்ணிச் சாறு பூசிய குழிகளில் பூனையின் இரத்த நீரை ஊற்றினால், அதிலுள்ள உண்ணிக்கெதிரான ஐஜிஇ அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஐஜிஇ-யை மட்டும் பற்றும் வினைபொருளைச் சேர்த்து அளவைக் கணக்கிடுகிறார்கள். அரிப்பே இல்லாத ஆரோக்கியமான பூனைகளின் இரத்தத்திலும் தூசி உண்ணிக்கெதிரான ஐஜிஇ காணப்படுகிறது என்பதே இதன் பெரிய குறை. நோயுள்ள பூனைகளையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரு கூட்டத்தின் அளவுகளும் தெளிவாக வேறுபடவில்லை. தோல் சோதனையும் இரத்தச் சோதனையும் ஒரே பூனைக்கு வெவ்வேறு விடை தருவதும் உண்டு.

வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் சோதிக்கும் பொருள்களின் தொகுப்பில் நம் ஊரில் இல்லாத மரங்களின் மகரந்தமும் இருக்கலாம். சோதனைக்கு ஒப்புக்கொள்ளும் முன், தொகுப்பில் புளோமியா உண்டா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

முடிவும் சிகிச்சையும்

தூசி உண்ணிக்கு நேர்மறை விடை வந்து, பூனையின் வரலாறும் அதற்குப் பொருந்தினால், அந்த உண்ணியின் சாற்றைச் சிறுகச் சிறுக ஏற்றி உடலைப் பழக்கும் ஊசி மருத்துவத்தைத் தொடங்கலாம். பாதிக்கு மேற்பட்ட பூனைகள் இதில் தேறுகின்றன. ஆனால் பலன் தெரிய ஓராண்டு வரை ஆகலாம். அதுவரை பிரெட்னிசலோனோ சைக்ளோஸ்போரினோ கொடுத்து அரிப்பை அடக்கி வைப்பார்கள். ஓராண்டு ஊசிக்குப் பொறுமையோ வசதியோ இல்லாதவருக்குச் சோதனையால் பெரிய பயன் இல்லை. விடை எதுவாயினும் அவர்களின் பூனைக்குக் கொடுக்கப்போகும் மருந்து மாறப்போவதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் உண்ணிகள் சாகும். உலர் தீவனத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும்; திறந்து வைத்த பையில் வேறு வகைச் சேமிப்பு உண்ணிகள் பெருகும். உண்ணியைக் கொல்ல என்று விற்கும் பெர்மெத்ரின் தெளிப்பான்களையும், பென்சைல் பென்சோயேட் கலந்த மருந்துகளையும், நாய்க்கான தெள்ளு மருந்துகளையும் மருத்துவரைக் கேட்காமல் பூனை மீதோ அதன் படுக்கையிலோ பயன்படுத்தாதீர்கள். பெர்மெத்ரினைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நடுக்கமோ வலிப்போ கண்டால் அந்த மருந்தின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.