ஸ்க்ளீரைட்

ஸ்க்ளீரைட் (பெயர்ச்சொல்): மென்பவளங்களின் சதைக்குள் பொதிந்திருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள். ‘கடினமான’ என்று பொருள்படும் ‘ஸ்க்ளீரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லே இதன் வேர். கண்ணின் வெண்படலத்தைக் குறிக்கும் ‘ஸ்க்ளீரா’வும் அதே வேரில் பிறந்ததுதான். தமிழில் ‘நுண்முள்’ எனலாம்.

மென்பவளங்களுக்குக் கல்கூடு கிடையாது. பெரும்பாலானவற்றுக்குக் கால்சியம் கார்பனேட்டாலான இத்துகள்களே எலும்பு. ஒரே இனம் இடத்துக்கு இடம் உருவம் மாறுவதால், வெளித்தோற்றத்தை மட்டும் நம்பி இனம் காண முடியாது. எனவே துகள்களின் வடிவத்தைக் கொண்டு இனம் காண, மேற்பரப்பிலிருந்தும் அடித்தண்டின் உள்ளிருந்தும் தனித்தனியே சிறு துண்டுகளை வெட்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் இடுகிறார்கள். சதை நுரைத்துக் கரைந்துபோக, துகள்கள் பொடியாக அடியில் தங்கும். அதைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் வாழும் சைனுலேரியா என்ற மென்பவளத்தின் மேற்பரப்பில் இருப்பவை தலை பருத்த கதாயுத வடிவங்கள். உள்ளே இருப்பவை இருமுனையும் கூர்ந்து, உடலெங்கும் முண்டு நிறைந்த கதிர் வடிவங்கள்.

மென்பவள ஆய்வுச் சொற்களுக்கான படவிளக்க அகராதி 1983இல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என மும்மொழியில் வெளிவந்தது. நம் கடலைப் படிக்கும் மாணவர்களுக்காகத் தமிழிலும் அப்படியொன்று வர வேண்டும்.