நெய்யாற்றின்கரை: ஓர் ஊர்ப்பெயரும் அதன் குறியீடுகளும்

நெய்யாற்றின்கரை என்னும் ஊர்ப்பெயரில், இலக்கண மரபுப்படி எண்ணினால், 8 எழுத்துகள். யூனிகோடு முறையில் எண்ணும் கணினிக்கு அதே பெயர் 15 குறியீடுகள். யுடிஎப்-8 வடிவில் சேமித்தால் 45 பைட்டுகள். மென்பொருள் கையேடுகளில் தமிழ்ச்சொல் வரும் அட்டவணைகள் கோணிப்போவதற்கு இவ்வேறுபாடே பெரும்பாலும் காரணம். ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட நிரல், மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளிக்கும் தனிக் கட்டம் ஒதுக்கிவிடுகிறது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலையை ஒட்டிய எல்லைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுத்துப் போக்குவரத்து நடத்தக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் கணினியில் ஏறிய மனு மீண்டும் தேடினால் கிடைக்க வேண்டுமே! சட்டம் தந்த உரிமை அவ்விடத்தில் எழுத்துக் குறியேற்றத்தைச் சார்ந்துவிடுகிறது.

1971இல் கேரளமும் 1978இல் தமிழகமும் எழுத்துச் சீர்திருத்தம் செய்தன. தட்டச்சையும் அச்சுக்கோப்பையும் எளிதாக்குவது அவற்றின் நோக்கங்களில் முதன்மையானது. நெய்யாற்றின்கரை என்ற பெயரை அவ்விரண்டுமே தொடவில்லை. தமிழில் 'யா', 'ரை' ஆகியவை மாறுதலுக்கு உட்படாதவை. மலையாளத்தில் பிரிக்கப்பட்ட உகரக் குறி இப்பெயரில் இல்லை. அச்சுக்காலத்தைக் காயமின்றிக் கடந்த பெயர் கணினிக்காலத்தில்தான் சிதறியது.

முதற்சிதைவு தமிழில். டிஸ்கியும், 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகியனவும் கண்ணுக்குத் தெரியும் வரிசையையே பின்பற்றின: முதலில் கொம்பு, பிறகு நகரம். இஸ்கியை அடியொற்றிய யூனிகோடோ ஒலிவரிசையைக் கொண்டது: முதலில் நகரம், பிறகு கொம்பு. வரிசையை மாற்றாமல் குறியீட்டை மட்டும் மாற்றிய கோப்புகளில் கொம்பு பற்றுக்கோடின்றிப் புள்ளிவட்டத்தோடு தொங்கும். பல பிடிஎப் கையேடுகளிலிருந்து படியெடுக்கும்போதும் இதே குறை நேர்கிறது. இது சலிப்பூட்டும் பிழை. எனினும் விதி தெளிவானதால் திருத்துவது எளிது.

மலையாளச் சிக்கல் அத்தகையதன்று. அங்கே இப்பெயரின் 'ன்' ஒரு சில்லெழுத்து. உயிரேறாத மெய்யின் தனி வடிவம். தொடக்கத்தில் அதனை நகரம், சந்திரக்கலை, கண்ணுக்குப் புலனாகாத இணைப்புக்குறி என மூன்றாகச் சேமித்தனர். புலனாகாத குறி பொருளை மாற்றலாமா என்பதே சில்லு விவாதத்தின் கரு. 'வன் யவனிக' என்றால் பெருந்திரை. 'வன்ய வனிக' என்றால் காட்டுச் சோலை. இரண்டையும் பிரித்துக்காட்டுவது அந்தக் குறி ஒன்றே. இணையப்பெயர்களின் அன்றைய விதிகளோ அதை நீக்கிவிட்டன. இதனால் சில்லுக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்றது ஒரு தரப்பு. ஒரே எழுத்துக்கு இருவகைச் சேமிப்பு தோன்றினால் பழைய கோப்புகள் அனைத்தும் அயலாகிவிடும் என எதிர்த்தது மற்றொரு தரப்பு; சுதந்திர மலையாளக் கணிமைக் குழுவினர் இத்தரப்பினர். 2008 ஏப்ரலில் வெளியான யூனிகோடு 5.1 தனிக் குறியீடுகளை ஏற்றது. எதிர்த்தோர் அஞ்சியதும் நடந்தது. மலையாள நெய்யாற்றின்கரை பழைய கோப்பில் 15 குறியீடுகள், புதியதில் 13. தமிழில் ஒகரக் குறியை ஒன்றாகவோ இரண்டாகவோ சேமித்தாலும் யூனிகோடின் சீராக்க விதி இரண்டையும் சமமெனக் கொள்ளும். சில்லுக்கு அத்தகைய சமன்பாடு வகுக்கப்படவில்லை. அதுவே அம்முடிவின் பெருங்குறை.

ஆகவே இருமொழிக் கையேடுகளைச் செப்பனிடுவோர் கொம்பின் வரிசையைச் சரிசெய்து, ஒகரங்களைச் சீராக்கிய பின்னும் சில்லுகளைத் தனியே மாற்ற வேண்டியுள்ளது. இணைப்புக்குறியை வெற்றிடமென்று எண்ணி முதலிலேயே துடைத்துவிட்டால் எது சில்லு, எது கூட்டெழுத்து என்று பின்னர் எந்த நிரலாலும் கூற இயலாது.

அண்டையூரான பாறசாலைக்கு இத்தொல்லை இல்லை. தமிழில் அதன் 'லை' 1978இல் உருமாறியது; ஆயினும் குறியீடு ஒன்றே. மலையாளத்தில் அப்பெயருக்குச் சில்லே கிடையாது. குறியேற்றம் சமன்செய்யப்படாத தொகுப்பில் மலையாளத்தில் தேடும் ஆய்வாளருக்குப் பாறசாலை முழுமையாகக் கிடைக்கும்; நெய்யாற்றின்கரையை இருமுறை தேட வேண்டும்.