சாச்சியின் போர்டிங் காட்

எங்கள் சாச்சியின் ட்ரங்குப் பெட்டிக்குள், பிறப்புச் சான்றிதழ்களுக்கும் காணி உறுதிக்கும் நடுவே மங்கிய பச்சை நிறத்தில் ஓர் அட்டை இருக்கிறது. நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. வலது ஓரம் பல் பல்லாகக் கிழிந்திருக்கிறது. 1990 செப்டெம்பரில் அம்மான் விமான நிலையத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட போர்டிங் காட் அது. பெயரைப் பேனையால் எழுதியிருக்கிறார்கள், அதையும் பிழையாக. இருக்கை இலக்கத்துக்குரிய கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வரலாறு போதித்த விரிவுரையாளர் மூலாதாரங்களை வகை பிரித்துச் சொல்லித் தந்தார். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏடு. போர்டிங் காட் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. ஆனால், எங்கள் ஊர்களிலிருந்து அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போன பெண்களின் வரலாற்றை எழுதப் புகும் ஒருவருக்கு வேறு என்ன கல்வெட்டுக் கிடைக்கப் போகிறது? கடவுச்சீட்டு எஜமானரின் அலுமாரியில் இருந்தது. கடிதங்களைக் கறையான் தின்றது. குரலைப் பதிந்து அனுப்பிய கசெட்டுகளில் பின்னர் சினிமாப் பாட்டுப் பதிந்தோம். நானும் பதிந்தவன்தான். எஞ்சியவை இந்த அட்டைகளே.

சாச்சி முதன்முதலில் 1987இல் குவைத்துக்குப் போனார். குர்ஆன் ஓதுவார், தமிழில் கையெழுத்து வைப்பார், ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. கட்டுநாயக்கவில் ஏஜென்சிக்காரர் பன்னிரண்டு பெண்களை வரிசையில் நிறுத்தி, "இந்தக் காட்டைத் துலைச்சா ஏத்த மாட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். எந்த வாசல், எந்த விமானம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. "எங்கட காட்டு நிறம் ஆர்ர கையில இருக்கோ, அவங்களுக்குப் பின்னால போனோம்" என்பார் சாச்சி. அக்காலத்தில் விமானக் கம்பனிகள் தத்தமது நிறங்களிலேயே அட்டைகளை அச்சடித்து வைத்திருந்தன. எழுத்தறியாத பயணிக்கு அந்த நிறம்தான் எழுத்து. இருக்கை இலக்கத்தைக் கையால் எழுதுவார்கள், அல்லது ஒட்டுவார்கள். விமானத்தின் இருக்கைப் படமொன்றில் ஒவ்வோர் இருக்கைக்கும் ஓர் ஒட்டுத்துண்டு இருக்கும். அதை உரித்து அட்டையில் ஒட்டிவிட்டால் அந்த இருக்கை முடிந்தது. ஒரே இருக்கையை இருவருக்குக் கொடுக்காமலிருக்க எவ்வளவு எளிய வழி!

1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தது. மறுநாள் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஜனாஸாக்கள். அடுத்த வாரம் ஏறாவூர். இந்த இதழின் வாசகர்களுக்கு இவற்றை நான் விளக்க வேண்டியதில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. இரவில் ஆண்கள் காவலுக்குப் போக, பெண்களும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் கூடிப் படுத்தோம். உம்மும்மா மட்டும் படுக்கமாட்டா. ஊரில் நடப்பது சாச்சிக்குத் தெரியாது, சாச்சிக்கு என்ன ஆனது என்பது எங்களுக்குத் தெரியாது. எவர் எவருக்காக அழுவது என்று தெரியாமலே அழுத நாட்கள் அவை.

சாச்சி வேலை செய்த வீட்டார் காரில் சவூதிப் பக்கம் தப்பிப் போனார்கள். கடவுச்சீட்டும் அவர்களோடு போயிற்று. வேறு இலங்கைப் பெண்களோடு சேர்ந்து பஸ்ராவுக்கும், அங்கிருந்து பக்தாதுக்கும், பின்னர் ஜோர்தான் எல்லைக்கும் பஸ்ஸில் வந்திருக்கிறார். எல்லைக்கு இப்பால் ருவைஷித் பக்கத்துப் பாலைவனத்தில் கூடார முகாம்கள். பல நாட்டவரும் ஆயிரக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். தண்ணீர் வண்டி வந்தால் அடிபிடி. அந்த நாட்களைப் பற்றிச் சாச்சி அதிகம் பேசுவதில்லை. செருப்பில்லாமல் மணலில் நின்றதை மட்டும் ஒருதரம் சொன்னார். சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு ஒழுங்குசெய்த விமானமொன்றில் கடைசியில் இடம் கிடைத்தது. கடவுச்சீட்டுக்குப் பதிலாகக் கொடுத்த தற்காலிகப் பயணத்தாளைக் கட்டுநாயக்கவில் வாங்கிக்கொண்டார்கள். கிழிந்த பச்சை அட்டையை எவரும் கேட்கவில்லை. முன்னைய எச்சரிக்கை நெஞ்சில் ஊறிப்போயிருந்ததால், இறங்கிய பிறகும் சாச்சி அதைச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

அந்த அட்டைக்குப் பிறகுதான் வேலை வந்தது. 1991இல் பாதுகாப்புச் சபையின் 687ஆம் தீர்மானத்தின்படி ஐக்கிய நாடுகள் நட்டஈட்டு ஆணைக்குழு ஜெனீவாவில் அமைக்கப்பட்டது. 1990 ஆகஸ்ட் 2க்கும் 1991 மார்ச் 2க்கும் இடையில் ஈராக்கை அல்லது குவைத்தை விட்டு வெளியேற நேர்ந்தவர்கள் 'ஏ' பிரிவில் கோரலாம். தனியாளுக்கு 2,500 டொலர். வேறு பிரிவில் கோருவதில்லை என்றால் 4,000. பணம் ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து. வெளியேறியதையும் திகதியையும் காட்டும் எளிய ஆவணம் போதும் என்றார்கள். விண்ணப்பங்கள் அந்தந்த நாட்டு அரசாங்கங்களூடாகப் போயின.

அம்மானில் ஏறிய அட்டை குவைத்தில் இருந்ததற்கு நேர்ச்சான்று ஆகாதுதான். ஏஜென்சி ஒப்பந்தத்தின் பிரதியையும், குவைத் முத்திரை விழுந்த ஒரு பழைய கடித உறையையும் சேர்த்தே வாப்பா கோவை தயாரித்தார். ஆனால் திகதிக்கு அந்த அட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. அதிலும் ஒரு சிக்கல். அட்டையில் 14 செப்டெம்பர் என்றிருந்ததே தவிர ஆண்டு எழுதப்படவில்லை. பின்பக்கத்தில் பாதுகாப்புப் பிரிவின் நீல முத்திரை அரபு இலக்கங்களில் இருந்தது. விண்ணப்பத்தைப் பார்த்த எழுதுவினைஞர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "199 எண்டு கிடக்கு, அங்கால ஒரு புள்ளிதான். ஆண்டு முழுசா விழல்ல" என்றாராம். வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரபு எண்ணில் பூச்சியம் புள்ளிதானே! ஊர் மத்ரஸாவின் அதிபரான மௌலவியிடம் போய், அந்தப் புள்ளியே பூச்சியம் என்று ஒரு கடிதம் எழுதி வாங்கி இணைத்தார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பணம் தவணையாக வந்தது. இன்று சாச்சி இருக்கும் வீட்டின் கல் சுவர் அந்தப் பணம்.

பக்கத்து வளவு ராத்தாவும் அதே விமானத்தில்தான் வந்தார். அவரது அட்டையை வைத்துப் பிள்ளைகள் பஸ் கொண்டக்டர் விளையாடிக் கிழித்துவிட்டார்கள். அந்த விளையாட்டில் நானும் பயணியாக இருந்தேன். காட்ட ஒன்றுமில்லை என்று அவர் விண்ணப்பிக்கவேயில்லை. 1993இல் மறுபடி ரியாத்துக்குப் போனார். பல ஆண்டுகளுக்குப் பின் அந்த ஆணைக்குழுவைப் பற்றி வாசித்தபோது ஒன்று தெரிந்தது. 'ஏ' பிரிவில் மட்டும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கோரிக்கைகள் வந்ததால், வருகை, புறப்பாட்டுப் பதிவுகளைத் திரட்டிக் கணினியில் இட்டு ஒப்பிட்டிருக்கிறார்கள். அட்டை இல்லாதவர் பெயரும் ஏதோவொரு பட்டியலில் இருந்திருக்கலாம். 2022இல் ஆணைக்குழு தன் பணியை முடித்துக்கொண்டது. இதை நான் ராத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இனி அட்டை கடதாசியான கதை. 1983இல் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் பயணச்சீட்டையும் போர்டிங் காட்டையும் ஒரே அட்டையாக்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தது. பின்னர் அதன் முதுகில் கசெட் நாடா போன்ற காந்தப்பட்டியும் சேர்ந்தது. தடித்த அட்டை, நல்ல மை. ஆனால் அட்டையும் விலை, அதை அச்சிடும் இயந்திரமும் விலை. 2005இல் அதே சங்கம் கோட்டுக்குறிக்கு ஒரு பொதுமுறை வகுத்தது. 2008 மே மாதத்தோடு கடதாசிப் பயணச்சீட்டை நிறுத்தியது. 2010 முடிவுக்குள் காந்தப்பட்டியையும் கைவிடுவதென்று இலக்கு வைத்தது. கோட்டுக்குறியை எந்தத் தாளிலும் அடிக்கலாம், வீட்டுத் தாளிலும் அடிக்கலாம். கம்பனிகளுக்கு அது பெரும் மிச்சம்.

அந்தக் குறிக்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். பெயருக்கு 20 இடங்கள். நம்மவர் பெயர்களுக்கு அது எம்மாத்திரம்? பாதியில் வெட்டுப்படும். திகதிக்கு மூன்று இலக்கம், அதாவது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. கட்டாயப் பகுதியில் ஆண்டு கிடையாது. அம்மானில் ஆண்டை எழுதாமல் விட்ட அந்த அலுவலரை இத்தனை காலமும் மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். அவர் மட்டுமல்ல, இதை வகுத்தவர்கள் எல்லோருமே சில மணிநேரம் உயிர்வாழும் பொருளாகத்தான் இதை எண்ணியிருக்கிறார்கள்.

2017இல் சாச்சியை உம்ராவுக்கு அழைத்துப் போனேன். எனக்கு அதுதான் முதல் விமானம், சாச்சிக்கு எத்தனையாவதோ. ஜித்தாவுக்கான சீட்டைக் கவுண்டரில் கொடுத்தபோது சாச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன மகன், கடைத் துண்டு மாதிரிக் கிடக்கு? காட்டுத் தர மாட்டாங்களா?"

இப்போது இதுதான் காட் என்றேன். நம்பாமல் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். விமானம் ஓடத் தொடங்கியதும் நான் இருக்கையின் கையை இறுகப் பிடித்தேன். அவர் துஆ ஓதி என் கையில் ஊதினார். மேகத்துக்கு மேலே போனபின், "குவைத்துக்குப் போகக்குள்ள ஒரு வழியும் நான் கண்ணத் திறக்கல்ல" என்று சொல்லி, வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

திரும்பி வந்ததும், வரலாற்று ஆசிரியன் என்ற முறையில், இருவரது சீட்டுகளையும் பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கோவையில் வைத்தேன். கடந்த ஆண்டு எடுத்துப் பார்த்தால் இரண்டும் வெள்ளைத் தாள். கம்பனியின் பெயர் மட்டும் முன்னரே அச்சடித்திருந்த நிறத்தில் நிற்கிறது. இது மையால் எழுதப்படுவதல்ல. தாளில் பூசிய இரசாயனம் சூடுபட்டுக் கறுப்பதுதான் எழுத்து. வெயிலும் வெக்கையும் அதை அழிக்கும், பிளாஸ்டிக் உறையிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருளும் அழிக்கும். பத்திரப்படுத்தியதே கெடுத்திருக்கிறது. என் மருமகன் கட்டாருக்குத் தொலைபேசித் திரையைக் காட்டியே ஏறிப் போகிறான். பழைய தொலைபேசியை விற்றதோடு அவனது போன பயணமும் போயிற்று.

அந்த வெள்ளைத் தாள்களை எறியவில்லை. நினைவிலிருந்ததைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதினேன்: பெயர், கொழும்பு, ஜித்தா, ஆண்டையும் நான்கு இலக்கத்தில். இருக்கை இலக்கம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. சாச்சியிடம் கேட்டேன்.

"இலக்கம் என்னத்துக்கு மகன்? ஜன்னல் பக்கம் எண்டு எழுது" என்றார்.