பள்ளி தேய்ந்து அள்ளி

தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது மாரண்டஅள்ளி பேரூராட்சி. பெயரை வாய்விட்டுச் சொன்னால் நடுவில் நாக்கு ஒரு கணம் தடுக்கும். இரண்டு உயிரொலி அடுத்தடுத்து வந்தால் இடையில் யகரமோ வகரமோ வைத்து ஒட்டுவது தமிழின் பழக்கம். இங்கே அப்படி ஒட்டவில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஓர் எழுத்து குடியிருந்தது: ‘ஹ’. பேச்சில் அது கரைந்துபோய், இடம் மட்டும் காலியாக நிற்கிறது.

அள்ளி என்றால் தமிழில் வாரி எடுப்பது. வெளியூர்க்காரர்கள் “உங்க ஊர்ல எதை அள்ளுறாங்க?” என்று கேலி பேச இது போதும். ஆனால் தர்மபுரி மாவட்டத்து அள்ளி வேறு. கன்னட ‘ஹள்ளி’யின் தேய்வு, சிற்றூர் என்று பொருள். அந்த ஹள்ளிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பழங்கன்னடத்தில் அது பள்ளி. சுமார் பத்தாம் நூற்றாண்டு தொடங்கிச் சில நூற்றாண்டுகளுக்குள் கன்னடத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாக இளகியது. பால் ஹாலு ஆனது, பத்து ஹத்து, புலி ஹுலி.

மாற்றத்துக்கு முந்தைய சாட்சி தர்மபுரியிலேயே கிடைத்தது. தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இந்த ஊரில், நொளம்ப அரசன் மகேந்திரன் காலத்தில், நிதியண்ணன், சண்டியண்ணன் என்ற இருவர் பசதி என்னும் சமணக் கோயில் ஒன்று கட்டினர். அதற்கு அரசனிடமிருந்து பெற்றுக் கொடுத்த ஊர் மூலப்பள்ளி. இதைச் சொல்வது 893ஆம் ஆண்டின் கன்னடக் கல்வெட்டு. பகரம் அப்போது கெட்டியாகவே இருந்திருக்கிறது.

பிறகு ஹொய்சளர், விஜயநகரத்தார், மைசூர் அரசர்கள் என்று கைமாறி, 1792இல் திப்பு சுல்தான் இந்தப் பகுதி அடங்கிய பாராமகாலை விட்டுக்கொடுத்தபோதுதான் இது கிழக்கிந்தியக் கம்பெனி வசம் வந்தது. அத்தனை காலம் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே சந்தையில் புழங்கின. ஊர்ப்பெயர்களின் தையலைப் பிரித்துப் பார்த்தாலே இது தெரியும். முக்கல்நாயக்கன்பட்டி தமிழ் முறை. கோணங்கிநாயக்கனஅள்ளியிலோ ‘நாயக்கன’ என்று அகரம் ஒட்டியிருக்கிறது. ‘நாயக்கனுடைய’ என்பதற்குக் கன்னடம் போடும் உருபு அது. ஒரே பெயர்கள் பெருகியதால் ஏ.ஜெட்டிஅள்ளி, பி.செட்டிஅள்ளி என்று மனிதர்களைப் போல ஊர்களும் இனிஷியல் வைத்துக்கொண்டன.

இதே தேய்வு ஒகேனக்கல்லிலும் நடந்திருக்கிறது. கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை. தமிழின் புகையேதான், பகரம் ஹகரமாகி. நீர்த்திவலை புகைபோல் எழும் பாறை ஹொகேனக்கல். தமிழ் நாக்கு அந்த ஹகரத்தையும் உதிர்த்துவிட்டது.

எல்லா ஊரும் இந்த வழியில் போகவில்லை. நல்லம்பள்ளியும், சின்னாறு அணை இருக்கும் பஞ்சப்பள்ளியும் பகரத்தை விடவில்லை. தமிழில் பள்ளி மெலியவில்லை, விரிந்தது. சிற்றூர், படுக்கை, சமண பௌத்தத் துறவியர் உறைவிடம் என்று பல பொருள். கோயிலில் பள்ளியறை, மறைந்த அரசர் நினைவாகப் பள்ளிப்படை, முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல், கேரளத்தில் கிறிஸ்தவத் தேவாலயமும் பள்ளி. துறவிகள் தங்கிய இடத்தில் பாடம் நடந்ததால் கல்விக்கூடத்துக்கும் அதே பெயர் நிலைத்தது என்பார்கள்.

பழைய பலகையில் மாரண்டஹள்ளி, புதிய பலகையில் மாரண்டஅள்ளி. எந்த எழுத்து சரி என்று அரசு அலுவலகங்களிலேயே ஒற்றுமை இல்லை. ‘அரசு மேல்நிலைப் பள்ளி, மாரண்டஅள்ளி’ என்று எழுதும்போது மட்டும் ஒரே சொல் ஒரே வரியில் இரண்டு முறை வந்து உட்காருகிறது, முதலில் முழுசாக, அடுத்துத் தலையெழுத்து போய்.